மனநோயிலிருந்து மீட்சி: கடந்த காலமே அடையாளமாகிவிடாமல் வாழ்தல்

மனநோய்க்கு ஆளான ஒருவர், அந்த நோயையும் அது விட்டுச்சென்ற இழப்புகளையும் தாண்டி, தமக்குப் பொருளுள்ள ஒரு வாழ்க்கையை மீண்டும் அமைத்துக்கொள்வதே மனநோயிலிருந்து மீட்சி எனப்படும். நோயின் அறிகுறிகள் முற்றிலும் மறைவது இதற்குக் கட்டாயமல்ல. மருந்து எடுத்துக்கொண்டே, சில நாள்களில் தடுமாறிக்கொண்டே, ஒருவர் மீண்டவராக வாழ முடியும். அறிகுறிகள் எல்லாம் நீங்கிய பிறகும் 'முன்பு பைத்தியமாக இருந்தவர்' என்ற பெயரால் மீள முடியாமல் போவதும் உண்டு.

கடந்த காலத் துயரத்தைத் தாண்டி வருவது மன உறுதியைப் பொறுத்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. மனநோயைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். உறுதியோடு இருப்பவருக்கும் தங்க ஒரு வீடு, செய்ய ஒரு வேலை, பெயர் சொல்லி அழைக்கும் அக்கம்பக்கத்தார், உரிமையை ஏற்கும் சட்டம் ஆகியவை தேவைப்படுகின்றன. சென்னையிலும் அதன் மேற்குப் புறநகரான முகப்பேர், அயனம்பாக்கம் வட்டாரத்திலும் கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் பணிகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

குணமடைதலும் மீட்சியும்

மருத்துவத்தில் குணமடைதல் என்றால் அறிகுறிகள் குறைவது அல்லது நீங்குவது. காதில் குரல் கேட்பது நிற்கிறது, தூக்கம் திரும்புகிறது, அச்சமும் சந்தேகமும் தணிகின்றன. இதை மருத்துவர் அளந்து பார்க்க முடியும்.

மீட்சி இதைவிட விரிந்த சொல். 1980-களில் அமெரிக்காவில் மனநோயைத் தாமே அனுபவித்தவர்கள் இக்கருத்தை முன்வைத்தனர். அவர்களுள் ஒருவரான பாட்ரீசியா டீகன், பதின்ம வயதிலேயே மனச்சிதைவு நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர். பின்னாளில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்று, நோயாளி என்ற நிலையிலிருந்து மனிதராக மீள்வதைப் பற்றி 1988-இல் எழுதினார். 1993-இல் வில்லியம் ஆந்தனி என்பவர் இக்கருத்துக்கு ஒரு வரையறை தந்தார். நோயின் வரம்புகள் நீடித்தாலும் நிறைவும் நம்பிக்கையும் உள்ள வாழ்வை வாழ்வதே மீட்சி என்பது அதன் சாரம்.

இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியமானது. குணமடைதலை மட்டும் இலக்காகக் கொண்டால், மருத்துவமனையின் பொறுப்பு மருந்தோடு முடிந்துவிடும். மீட்சியை இலக்காகக் கொண்டால், 'இவர் இனி எங்கே வாழ்வார், யாரோடு வாழ்வார், என்ன செய்வார்' என்ற கேள்விகளும் சிகிச்சையின் பகுதியாகிவிடும்.

நோய் ஒருவரின் பெயராகிவிடுதல்

ஒருவரிடம் உள்ள ஒரே ஒரு தன்மை, அவருடைய மற்ற எல்லா அடையாளங்களையும் மறைத்துவிடுவதைச் சமூக முத்திரை அல்லது களங்கம் என்று சமூகவியலில் குறிப்பிடுவர். இது பற்றிய அடிப்படை நூலை எர்விங் காஃப்மன் 1963-இல் வெளியிட்டார். முத்திரை குத்தப்பட்டவர் தையல்காரராகவோ, தாயாகவோ, நன்றாகப் பாடுபவராகவோ இருந்தது மறக்கப்பட்டு, அந்த ஒரு தன்மை மட்டும் நினைவில் நிற்கிறது.

உடல்நோயைப் பற்றிப் பேசும்போது 'அவருக்குக் காசநோய் இருந்தது' என்கிறோம். மனநோய் என்றால் 'அவர் பைத்தியம்' என்கிறோம். முதல் வாக்கியத்தில் நோய், வந்து போகக்கூடிய ஒன்று. இரண்டாவதில் நோயும் ஆளும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழ்நாட்டில் ஊர்ப்பெயர்களும் இந்த முத்திரையிலிருந்து தப்பவில்லை. 'உன்னைக் கீழ்ப்பாக்கத்தில்தான் சேர்க்க வேண்டும்' என்பது சென்னைப் பேச்சிலும் திரைப்பட நகைச்சுவையிலும் பழகிப்போன கேலி. ஏர்வாடி, குணசீலம் ஆகிய ஊர்களின் பெயர்களும் இவ்வாறே பயன்படுத்தப்படுகின்றன.

வெளியிலிருந்து வரும் முத்திரையை நோயுற்றவரே நம்பத் தொடங்குவது இரண்டாம் கட்டம். இதைத் தன்முத்திரை என்பர். 'எனக்கு யார் வேலை கொடுப்பார்கள், முயன்று என்ன பயன்' என்ற எண்ணம் இதன் விளைவு. அவர் வேலை தேடுவதில்லை. பழைய நண்பர்களைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார். மருந்து வாங்கப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சிகிச்சையையே நிறுத்திவிடுகிறார். நோய் திரும்பும்போது, 'நாங்கள் அப்போதே சொன்னோமே' என்று முத்திரை மேலும் உறுதியாகிறது.

கீழ்ப்பாக்கம்: காப்பகம் கண்ட மாற்றங்கள்

சென்னையில் மனநோயாளிகளுக்கான தனி இடம் 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கியது. அது 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அக்காலத்தில் அதன் பெயரிலேயே 'பைத்தியக்காரர் புகலிடம்' என்ற பொருள் இருந்தது. 1920-களில் அது மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாற்றப்பட்டது. இன்று அரசு மனநலக் காப்பகம் என அறியப்படுகிறது.

பெயர் மாறினாலும் வாழ்க்கை உடனே மாறிவிடவில்லை. உள்ளே போனவர் திரும்பி வருவது அரிது என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. மாற்றத்துக்கு இரு காரணங்கள் துணைநின்றன. முதலாவது, 1950-களில் குளோர்புரோமசைன் போன்ற மருந்துகள் வந்தது. இரண்டாவது, நிர்வாகத்தின் பார்வை மாறியது. மங்களூரில் 1923-இல் பிறந்த மருத்துவர் சாரதா மேனன் 1959-இல் கீழ்ப்பாக்கத்தில் பணியில் சேர்ந்து, 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவர் இவர். நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சி தருவதிலும், அவர்களைக் குடும்பத்தோடு மீண்டும் இணைப்பதிலும் இவர் கவனம் செலுத்தினார்.

ஓய்வுபெற்ற பின் 1984-இல் சாரதா மேனன் சென்னையில் 'ஸ்கார்ஃப்' எனும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அண்ணா நகர் மேற்கு விரிவில் இயங்கும் இந்நிறுவனம் சிகிச்சை, மறுவாழ்வு, ஆய்வு ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்கிறது. அவருக்கு 1992-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. அவர் 2021-இல் காலமானார்.

ஏர்வாடி: 2001 ஆகஸ்ட் 6

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் உள்ள தர்காவுக்கு மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் பல மதத்தவரும் வருவர். அதைச் சுற்றித் தனியார் நடத்திய மனநோயாளிகள் இல்லங்கள் பல உருவாயின. அவற்றுள் ஓர் இல்லத்தில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அங்கிருந்தவர்கள் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தனர்.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரித்தது. ஏர்வாடியில் இருந்த அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. அங்கிருந்தவர்களுள் பலர் குடும்பத்தாரால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். சங்கிலி, சிகிச்சையின் குறைபாடு மட்டுமல்ல. 'இவர் இனி இப்படித்தான்' என்று மற்றவர்கள் முடிவு செய்துவிட்டதன் அடையாளமும்கூட. அந்த முடிவை மறுப்பதிலிருந்தே மீட்சி தொடங்குகிறது.

முகப்பேரில் 'அடைக்கலம்'

1990-களின் தொடக்கத்தில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள், சென்னைத் தெருவில் மனநோயுடன் ஆதரவின்றி இருந்த ஒரு பெண்ணைக் கண்டனர். அவரைச் சேர்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைக்கவில்லை. இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1993-இல் அவர்கள் 'தி பேன்யன்' அமைப்பைத் தொடங்கினர். அப்போது இருவருக்கும் இருபதுகளின் தொடக்க வயதே.

இவ்வமைப்பின் 'அடைக்கலம்' எனும் பெண்களுக்கான இல்லம், அயனம்பாக்கத்துக்கு அருகிலுள்ள முகப்பேர் ஏரித் திட்டப் பகுதியில் அமைந்துள்ளது. வீடிழந்து, மனநோயுடன் தெருவில் திரியும் பெண்களை அழைத்துவந்து, உணவு, மருத்துவம், பாதுகாப்பு ஆகியவற்றைத் தந்து, பின்னர் அவர்கள் விரும்பினால் குடும்பத்தோடு சேர்ப்பது இதன் பணி.

இப்பணியில் பெயர் என்பதே ஒரு பெரிய விஷயம். தெருவிலிருந்து வருபவர் பல நேரங்களில் தம் பெயரையோ ஊரையோ சொல்லும் நிலையில் இருப்பதில்லை. வேறு மொழி பேசும் மாநிலங்களிலிருந்து ரயிலேறி, வழி தவறி வந்தவர்களும் உண்டு. சிகிச்சை பலன் தரத் தொடங்கும்போது ஒரு பெயர், ஓர் ஆற்றின் பெயர், ஊருக்குப் பக்கத்தில் நின்ற கோயில், ஒரு பிள்ளையின் பெயர் என்று நினைவுகள் துண்டு துண்டாகத் திரும்புகின்றன. அவற்றை வைத்து ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தெருவில் 'பைத்தியம்' என்று மட்டும் அழைக்கப்பட்டவர் தம் சொந்தப் பெயரைத் தாமே சொல்லும் தருணம், மீட்சியின் முதல் படி.

மீண்டும் வீடு

எல்லாரும் வீடு திரும்பிவிடுவதில்லை. சிலருக்குக் குடும்பமே இல்லை. சிலரைக் குடும்பம் ஏற்பதில்லை. வீட்டில் உள்ள மற்றவர்களின் திருமணம் தடைப்படும் என்ற அச்சம், சொத்துப் பிரச்சினை, வறுமை எனக் காரணங்கள் பல. வன்முறை நடந்த வீட்டுக்குத் திரும்ப விரும்பாத பெண்களும் இருக்கின்றனர். இத்தகையோர் நோய் தணிந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் காப்பகங்களிலேயே தங்கிவிடுகின்றனர். நாட்டின் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், உள்நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்கு மேலாக அங்கேயே இருப்பது தெரியவந்தது.

இதற்கு விடையாக 2015-இல் தி பேன்யன் அமைப்பு 'ஹோம் அகெய்ன்' எனும் திட்டத்தைத் தொடங்கியது. 'மீண்டும் வீடு' என்பது இதன் பொருள். இத்திட்டம் பின்வருமாறு இயங்குகிறது.

• நான்கைந்து பேர் சேர்ந்து, ஒரு சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் வாழ்கின்றனர். வாசலில் பெயர்ப்பலகை இருக்காது.
• யாரோடு சேர்ந்து வாழ்வது என்பதில் அவர்களுடைய விருப்பம் கேட்கப்படுகிறது.
• சமையல், கடைக்குப் போவது, கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போவது, வேலைக்குப் போவது ஆகியவற்றை அவர்களே முடிவு செய்கின்றனர்.
• மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உதவியாளர்கள் தேவையான அளவுக்குத் துணை இருக்கின்றனர்.
• மருந்தும் மருத்துவ ஆலோசனையும் தொடர்கின்றன.

காப்பகத்தில் உணவு மணியடித்தால் வரும். வீட்டில் இன்று என்ன குழம்பு என்று யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் கறிவேப்பிலை கேட்க வேண்டும். உடன் இருப்பவரோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆக வேண்டும். இத்தகைய சின்னச் சின்ன முடிவுகளே ஒருவரை 'நோயாளி' என்ற இடத்திலிருந்து நகர்த்துகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட, சமூகம் சார்ந்த மனநலச் சேவைகளுக்கான வழிகாட்டி நூலில் சென்னையின் இத்திட்டமும் நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது.

சட்டம் சொல்வது

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. கடந்த காலத்தைப் பற்றி இச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு நேரடியாகவே பேசுகிறது. ஒருவர் முன்பு மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து, அவருக்கு இப்போதோ இனிமேலோ மனநோய் உள்ளதென முடிவு செய்யக் கூடாது. மனநோய் உள்ளது என்று கண்டறியப்பட்டதாலேயே அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடுவதில்லை. அதை நீதிமன்றமே அறிவிக்க வேண்டும்.

இச்சட்டத்தின் வேறு சில கூறுகள் வருமாறு:

• மனநோய் உள்ளவர்களுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு. குடும்பம் இல்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. (பிரிவு 19)
• கட்டாயமாக மொட்டையடிப்பதும், சீருடை அணியக் கட்டாயப்படுத்துவதும் கூடாது. (பிரிவு 20)
• சங்கிலியால் பிணைப்பது தடை செய்யப்பட்டுள்ளது. (பிரிவு 95)
• மனநோய்க்கும் உடல்நோயைப் போலவே மருத்துவக் காப்பீடு தரப்பட வேண்டும். (பிரிவு 21)
• தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். (பிரிவு 5)

வாக்குரிமையும் இதில் சேரும். நீதிமன்றம் சித்தசுவாதீனம் இல்லாதவர் என அறிவித்தவருக்கு மட்டுமே வாக்காளர் பட்டியலில் இடமில்லை. சிகிச்சையில் இருப்பது தடையல்ல. 2019 மக்களவைத் தேர்தலின்போது கீழ்ப்பாக்கம் காப்பக வளாகத்திலேயே வாக்குச்சாவடி அமைக்கப்பட்டு, அங்கிருந்தவர்கள் வாக்களித்தனர். கேலிப்பெயராகிவிட்ட கீழ்ப்பாக்கத்தில் விரலில் மை வைத்துக்கொண்டு அவர்கள் வெளியே வந்தது, ஊரின் முடிவில் தங்களுக்கும் பங்கு உண்டு என்பதை உறுதிசெய்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் கீழும் மனநோய் இடம்பெறுகிறது. இதனால் தகுதியுள்ளோர் அடையாள அட்டை, உதவித்தொகை, வேலை ஒதுக்கீடு ஆகியவற்றைக் கோர முடியும்.

நீண்டகால ஆய்வுகள் காட்டுவது

மனச்சிதைவு நோய் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்ற எண்ணம் ஆய்வுகளால் உறுதிப்படவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில மருத்துவமனையில் மிக நீண்ட காலம் இருந்து வெளியேறிய 269 பேரைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிச் சென்று கோர்ட்னி ஹார்டிங் குழுவினர் ஆராய்ந்தனர். 1987-இல் வெளியான அந்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் கணிசமாக முன்னேறியோ முழுமையாக மீண்டோ இருந்தது தெரியவந்தது. இவர்கள் 'இனித் தேறமாட்டார்கள்' என்று கருதப்பட்டவர்கள்.

சென்னையிலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. முதன்முறையாக மனச்சிதைவு நோய்க்கு ஆளான 90 பேரை 1980-களின் தொடக்கத்திலிருந்து 25 ஆண்டுகள் வரை மருத்துவர் ஆர். தாரா உள்ளிட்ட ஸ்கார்ஃப் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் பலர் வேலைக்குச் சென்றனர். மணம் செய்துகொண்டு குடும்பம் நடத்தினர். நோய் வருவதும் தணிவதுமாக இருந்தது. சிலருக்கு நோய் கடுமையாகவே தொடர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே பாதையில் செல்வதில்லை என்பதே இவ்வாய்வுகளின் பாடம். நோயின் பெயரை மட்டும் வைத்து ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்லிவிட முடியாது.

கடந்த காலத்தை மறப்பதா?

மீட்சி என்பது நடந்ததை மறைப்பதோ மறப்பதோ அல்ல. மறைத்து வாழ்பவர், எப்போது தெரிந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே வாழ்கிறார். திருமணத்தின்போது மறைக்கப்பட்ட நோய், பின்னர் மருந்தை ஒளித்துவைத்துச் சாப்பிடும் நிலைக்கும், அதனால் மருந்து விட்டுப்போய் நோய் திரும்பும் நிலைக்கும் கொண்டுசெல்கிறது.

மறுபுறம், தம் கதையை யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது அவரவர் உரிமை. மீண்டவர் எல்லாரும் மேடையேறி அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகையில் அவரை நோயோடு கட்டிப்போடுவதே. தெருவில் இருந்த காலத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், தினமும் வேலைக்குப் போய் வருபவரும் மீண்டவரே. கடந்த காலம் அவருடைய வாழ்க்கையின் ஒரு பகுதி. அதைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவர் கையில் இருக்கும்போது, அது அவரை ஆள்வதில்லை.

குடும்பத்தாரும் அயலாரும் செய்யக்கூடியவை

1. நோயின் பெயரால் அழைக்காமல், முன்பு போலவே பெயர் சொல்லியும் அக்கா, அண்ணன், சித்தி என்று உறவுமுறை சொல்லியும் அழைத்தல்.
2. கோபம், அழுகை, களைப்பு என எல்லாவற்றையும் 'மறுபடியும் ஆரம்பித்துவிட்டது' என்று நோயோடு முடிச்சுப் போடாதிருத்தல். கோபப்பட எல்லாருக்கும் காரணங்கள் உண்டு.
3. வீட்டு முடிவுகளிலும் விசேஷங்களிலும் அவரைச் சேர்த்துக்கொள்ளுதல். கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது அவர் பெயரை விட்டுவிடாதிருத்தல்.
4. சிறிதானாலும் ஊதியம் உள்ள ஒரு வேலைக்கு வழிசெய்தல்.
5. மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதிருக்கத் துணைநிற்றல். அரசு மருத்துவமனைகளில் மனநல மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன.
6. தெருவில் மனநோயுடன் ஆதரவற்று இருப்பவரைக் கண்டால் காவல் நிலையத்துக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ தெரிவித்தல். அத்தகையோரைப் பாதுகாப்பது காவல்துறையின் கடமை என்று 2017 சட்டம் சொல்கிறது.

மன உளைச்சலில் இருப்பவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் 'டெலி மானஸ்' எனும் தேசியத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இச்சேவையில் தமிழிலும் பேச முடியும்.

முடிவாக

மனநோய் ஒருவரின் வாழ்க்கையில் சில ஆண்டுகளையும் சில உறவுகளையும் பறித்துவிடக்கூடும். அந்த இழப்பு உண்மையானது. அதை இல்லையென்று சொல்வது மீட்சி ஆகாது. ஆனால் இழந்ததை வைத்து மட்டுமே ஒருவரை அளப்பதை அவர் மறுக்கலாம். அவரைச் சுற்றியுள்ளவர்களும் மறுக்க வேண்டும். நோயுற்றவர் தனியாக நின்று அந்த மறுப்பைச் சொன்னால் ஊரின் காதில் விழுவது அரிது. கீழ்ப்பாக்கத்திலும் முகப்பேரிலும் நடந்த மாற்றங்கள் அனைத்தும், இன்னொருவரும் சேர்ந்து அதைச் சொன்னபோதே சாத்தியமாயின.